நுணுக்கம் உணர்த்தும் நாற்சொற்களும் ஆங்கில வழக்கும்

காஞ்சிமாநகரின் பட்டுக் கடைகளில் நிறத்தையும் துணியின் இயல்பையும் குறிக்க இந்நாளில் மிகுதியும் வழங்குவன 'லைட்', 'டல்', 'சாஃப்ட்' என்னும் ஆங்கிலச் சொற்களே. வெளிர்நீலம் 'லைட் புளூ' ஆயிற்று. ஒளி மங்கிய நிறம் 'டல்' ஆயிற்று. மென்பட்டு 'சாஃப்ட் சில்க்' என்றே விற்கப்படுகின்றது. வணிகர் வழக்கில் பிறமொழிச் சொல் புகுதல் இயல்பே. ஆயின், வன்மையோ ஒளியோ வேகமோ தணிதலை வேறுபடுத்தி உணர்த்தும் சொற்கள் தமிழில் இன்மையால் இவை புகுந்தன என்பார் கூற்று வரலாற்றுக்கு ஒவ்வாது.

தொல்காப்பியர் உரியியலில் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் என்னும் நான்கனையும் ஒருங்கு வைத்து, முன்னிருந்த ஒன்று நுணுகுதலே இவற்றின் பொருள் என்றார். குறைதல் என்னாது நுணுக்கம் என்றமை நோக்கற்பாலது. குறைதல் அளவைப் பற்றியது. நுணுகுதலோ, பொருள் நிலைத்திருக்க அதன் தன்மை மெலிவதாம். உரையாசிரியர் காட்டும் இடங்களும் இதற்கு அரணாவன. கலித்தொகையில் வேனிலால் வருந்திய களிறு ஓய்கின்றது; மதுரைக்காஞ்சியில் யானை நிழத்து நிற்கின்றது; நெடுநல்வாடையில் கடும்புனல் சாய்கின்றது. யானை மாண்டிலது, புனலும் வற்றிற்றில்லை. உள்ளது உள்ளபடியே இருக்க, அதன் மிகுதி மட்டும் அடங்கியது.

அவ்வியலிலேயே சாயல் என்பதற்கு மென்மை எனப் பொருள் உரைக்கப்பட்டது. சாய்தலும் சாயலும் ஓரடியின எனக் கொள்ளின், தணிதலும் மென்மையுறுதலும் தமிழர் கருத்தில் அணுக்கமாயிருந்தமை புலனாகும். ஆய்தல் என்னும் சொல்லின் வரலாறு இதனினும் சுவையுடைத்து. நுணுகுதலைக் குறித்த அச்சொல், வேண்டாதன களைந்து வேண்டுவன கொள்ளுதலையும் குறித்தது. இன்றும் இல்லங்களில் கீரையை ஆய்கின்றனர். பல்கலைக்கழகங்களில் நாம் நூல்களை ஆய்கின்றோம்! ஆய்த எழுத்தின் பெயர்க்காரணத்தையும் இந்நுணுக்கத்தோடு இயைத்துரைப்பார் உளர்.

இக்கருத்துக்குக் காஞ்சியின் கைத்தொழிலே நல்லதோர் உரை. பட்டுநூலைச் சாயமிடுமுன் சோப்பும் சோடாவும் இட்ட கொதிநீரில் வேகவைப்பர். புழு சுரந்த பசை கரைந்து போக, நூல் தன் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழக்கும். இழந்த பின்னரே அதற்கு மென்மையும் பளபளப்பும் வாய்க்கின்றன. குறைதல் என்ற சொல் இந்நிகழ்ச்சியின் பாதியைத்தான் கூறும். நுணுக்கம் முழுமையும் கூறும்.

ஆங்கிலத்திலும் இத்துறைச் சொற்கள் பலவாம். 'டிம்' என்பது அம்மொழியின் பழஞ்சொல். 'மிட்டிகேட்', 'மாலிஃபை' என்பன மென்மை குறித்த இலத்தீன் சொற்களின் வழியின. 'அஸ்வேஜ்' இனிமை குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. 'அபேட்' அடித்து வீழ்த்துதலைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் வழியது. 'அட்டென்யுவேட்' என்பதன் உள்ளே இருப்பது 'மெல்லிது' என்னும் கருத்து. தொல்காப்பியர் நுணுக்கமும் இலத்தீனர் மெலிவும் ஒன்றையொன்று அறியாமலே ஒத்து நிற்றல் வியப்பன்றோ?

இருமொழியும் வேறுபடுமிடம் ஒன்றுண்டு. புயல், நோவு, சினம், காய்ச்சல் அனைத்திற்கும் 'அபேட்' என்னும் ஒரு சொல்லே ஆங்கிலத்தில் அமையும். தமிழோ பொருள்தோறும் சொல்லை வேறாக்கும். சினம் தணியும், சூடு ஆறும், ஒலி அடங்கும், ஒளி மங்கும், கூர் மழுங்கும், திங்கள் தேயும், காற்று ஓயும். விளக்கின் திறத்திலோ அணைத்தல் என்னவும் மனம் ஒருப்படாது. 'குளிரவை' என்றும் 'மலையேறிற்று' என்றும் மங்கலமாகக் கூறுவர். விளக்கொளிப் பெருமாள் என இறைவனுக்கே பெயரிட்ட காஞ்சியில் அவ்வழக்கு பொருத்தமுடைத்து.

பப்ரீசியசின் தமிழ்–ஆங்கில அகராதி 1779-இலும், அவர்தம் ஆங்கில–தமிழ் அகராதி 1786-இலும், வின்சுலோ அகராதி 1862-இலும் வெளிவந்தன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக நிறைவெய்தியது; அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட ஆங்கில–தமிழ்ச் சொற்களஞ்சியம் 1960-களில் வந்தது. அகராதி சொற்களைத் திரட்டித் தரும். தேர்வது எழுதுவோன் கடன். 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் அலுவலகத் தமிழும் பாடநூல் தமிழும் விரைந்து பெருகவே, ஆங்கிலச் சொல் ஒன்றுக்குத் தமிழ்ச் சொல் ஒன்று என்னும் முறை வேரூன்றியது. தண்டனைக் குறைப்பு, விலைக் குறைப்பு, ஒலிக் குறைப்பு என எங்கும் 'குறைப்பு' ஒன்றே ஆட்சி செய்வது இதன் விளைவு. விலைக்கு அது பொருந்தும். ஒலிக்குப் பொருந்துமாறு எங்ஙனம்?

நன்கு அமைந்தனவும் உள. காலநிலை மாற்றம் பற்றி எழுதுவோர் 'மிட்டிகேஷன்' என்பதைத் தணிப்பு என வழங்குகின்றனர். வெம்மையொடு பழகிய சொல்லாதலின் அஃது இயல்பாகவே பொருந்திற்று. இயற்பியற் பாடநூல்களில் வழங்கும் 'தடையுறு அலைவு' என்னும் தொடரையும் ஈண்டு எண்ணிப் பார்க்கலாம். உராய்வால் வீச்சு சிறுகச் சிறுக மெலிந்து நிற்கும் ஊசலின் இயக்கம் அது. தடை என்பது காரணத்தைக் கூறுகின்றது. கண்ணெதிரே நிகழ்வதைக் கூறவில்லை. வேனிற் களிற்றுக்குப் புலவன் பெய்த சொல்லே இதற்கும் அமையும். 'ஓயும் அலைவு' என்றால் மாணவர் ஊசலைப் பாராமலே அதனைக் காண்பர்.