ஒரு டன் குளிர்

கத்திரி வெயில் நாட்களில் மதுரை எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெப்பமானி 40 டிகிரி செல்சியசைத் தொடுவது அங்கே ஒரு செய்தியே அல்ல. அப்படிப்பட்ட ஒரு நாளில் ஆனையூரில் எனக்கு உறவான அக்கா ஒருவர் வீட்டிற்குப் போயிருந்தேன். நகரின் வடமேற்கு ஓரத்தில், 2011-இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட பகுதி அது. அவர் வீட்டுக் குளிர்சாதனம் ஒரு புதிரை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தது.

மொட்டைமாடியில் ஒரே ஒரு வெளிப்பெட்டி. மெக்கானிக்குகள் அவுட்டோர் என்று சொல்வார்களே, அது. கீழே கூடத்தில் ஒன்றும் படுக்கையறைகளில் இரண்டுமாக மூன்று உள்பெட்டிகள். பகலில் எல்லாம் ஓடும்போது பெரிய குறையில்லை. இரவில் கூடத்துப் பெட்டியை நிறுத்திவிட்டுப் படுத்தால், அக்காவின் வயதான மாமியார் படுக்கும் அறையில் வெறும் காற்றுதான் வரும். 'கேஸ் குறைந்துவிட்டது' என்று மெக்கானிக் இருமுறை நிரப்பிவிட்டுப் போனார். பணம் போயிற்று, புழுக்கம் போகவில்லை. இன்னொரு விந்தையும் உண்டு. இரவு முழுதும் நிறுத்தி வைத்திருந்த கூடத்துப் பெட்டியின் அடியில், காலையில் தரை நனைந்து கிடக்கும்.

வாசகர்களே, இதன் விடையை நீங்களே ஊகித்துப் பாருங்கள். அதற்கு முன் அந்த உள்பெட்டி ஒன்றின் மேல் எழுதியிருந்ததைப் பார்ப்போம்: 'ஒரு டன்'. பெட்டியின் எடை ஒரு டன் அல்ல; இரண்டு பேர் எளிதாகத் தூக்கிச் சுவரில் மாட்டிவிடலாம். அப்படியானால் எது ஒரு டன்? பனிக்கட்டி! இந்தச் சொல்லின் வேரைத் தேடினால் சென்னைக் கடற்கரைக்குத்தான் போக வேண்டும்.

திருவல்லிக்கேணியில் கடலைப் பார்த்து நிற்கும் வட்டமான கட்டடத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1963 முதல் விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் அதனை, பழைய சென்னைவாசிகள் ஐஸ் ஹவுஸ் என்பார்கள். சுற்றுவட்டாரத்திற்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. 1842 அளவில் அதனைக் கட்டியவர்கள் அமெரிக்கப் பனிக்கட்டி வணிகர்கள். பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள ஏரிகள் மார்கழி, தை மாதங்களில் உறையும். அந்த உறைநீரை அறுத்து, கப்பலில் ஏற்றி, வெயில் நாடுகளுக்கு விற்கலாம் என்ற எண்ணம் பிரெடெரிக் டியூடர் என்ற இளைஞருக்குத் தோன்றியது. ஊரே சிரித்தது.

1806-இல் அவர் மேற்கிந்தியத் தீவாகிய மார்ட்டினிக்குக்கு முதல் சரக்கை அனுப்பினார். அங்கே பனிக்கட்டியை வைக்கத் தகுந்த கிடங்கு இல்லை. சரக்கு உருகியது, பணமும் உருகியது. ஆனால் டியூடர் அந்தத் தோல்வியைச் சும்மா விடவில்லை. எங்கே உருகுகிறது, ஏன் உருகுகிறது என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். வெப்பம் நுழையும் வழிகளை அடைத்தார். மரத்தூள் நல்ல காப்புப் பொருள் என்பதைக் கண்டார். நதானியேல் வைத் என்பவர் 1820-களில் குதிரை இழுக்கும் அறுவைக் கருவியைச் செய்தார். அதனால் பாளங்கள் ஒரே அளவாகக் கிடைத்தன. இடைவெளியின்றி அடுக்கினால் காற்றுப் படும் பரப்புக் குறையும், உருகுவதும் குறையும் அல்லவா? 1833-இல் 'டஸ்கனி' என்னும் கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதங்கள் கழித்துக் கல்கத்தாவை அடைந்தது. அப்போதும் சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது! மின்சாரம் இல்லை, இயந்திரம் இல்லை, காப்புப் பொருள் மட்டும்தான். குளிர்பதன வரலாற்றில் இதைவிட வியப்பானது எதுவும் இல்லை என்பது என் கருத்து.

பனிக்கட்டி அத்தனை நாள் தாங்குவதற்கு இயற்கையிலேயே ஒரு காரணம் உண்டு. 1760-களில் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் என்ற அறிஞர் அதனை விளக்கினார். உருகும் பனிக்கட்டி வெப்பத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் அதன் வெப்பநிலை ஏறாது. இதுதான் உள்ளுறை வெப்பம். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ தண்ணீரைப் பூச்சியம் டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம்.

இனி டன் கணக்கு எளிது. அமெரிக்க டன் என்பது 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ. அந்த எடையுள்ள பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகி விழுங்கும் வெப்பத்தை ஓர் அறையிலிருந்து எந்த இயந்திரம் வெளியேற்றுகிறதோ, அது ஒரு டன் இயந்திரம். மின்பொறியாளர் கணக்கில் சுமார் 3.5 கிலோவாட். ஆக, டன் என்பது குளிரை உண்டாக்கும் அளவன்று. வெப்பத்தை வெளியே சுமந்து போகும் அளவு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், புதிரை அவிழ்க்க உதவும்.

கப்பல் பனிக்கட்டி சொன்ன நாளில் வந்து சேராது. பிளாரிடாவில் அப்பலாச்சிகோலா என்ற துறைமுகத்தில் ஜான் கோரி என்ற மருத்துவர் காய்ச்சல் நோயாளிகளின் அறையில் பனிக்கட்டித் தொட்டியை உத்தரத்தில் தொங்கவிட்டு, காற்றைக் குளிர வைத்தார். கப்பல் வராத நாட்களில் என்ன செய்வது? தாமே பனிக்கட்டி செய்யும் இயந்திரம் ஒன்றை அமைத்து 1851-இல் காப்புரிமை பெற்றார். வாங்குவார் இல்லாமல் 1855-இல் வறுமையில் இறந்தார். ஆயினும் வழி திறந்துவிட்டது. சென்னையிலேயே 1874-இல் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி நீராவி கொண்டு பனிக்கட்டி செய்யத் தொடங்கியது. கப்பல் வணிகம் படுத்தது. பனிக்கட்டிக் கிடங்கு வக்கீல் பிலிகிரி ஐயங்காரின் வீடாயிற்று. 1897-இல் விவேகானந்தர் தங்கியது அவருடைய விருந்தினராகத்தான்.

1902-இல் நியூயார்க் புருக்ளினில் ஓர் அச்சகத்திற்கு வேறு தொல்லை. காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியவில்லை. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர், குளிர்ந்த குழாய்ச் சுருள்களின் மீது காற்றைச் செலுத்தினார். ஈரம் நீராகி வடிந்தது, காற்று உலர்ந்தது. அவர் அமைப்பின் திறன் நாளொன்றுக்கு 1,08,000 பவுண்டு பனிக்கட்டி உருகுவதற்குச் சமம், அதாவது 54 டன். இயந்திரம் வந்த பிறகும் பழைய பனிக்கட்டிக் கணக்கு மாறவில்லை, பார்த்தீர்களா? இன்று ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரும் கேரியரின் சுருளில் வடிந்த நீரும் ஒன்றே. எந்தப் பெட்டியில் நீர் சொட்டுகிறதோ, அங்கே காயில் குளிர்ந்திருக்கிறது என்று பொருள்.

குழாய்களுக்குள் ஓடும் வாயுவுக்கும் ஒரு கதை உண்டு. தொடக்கத்தில் அம்மோனியாவும் கந்தக டையாக்சைடும் பயன்பட்டன. கசிந்தால் மூக்கே சொல்லிவிடும், உயிருக்கும் ஆபத்து. 1928-இல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் நஞ்சில்லாத, மணமில்லாத குளோரோபுளோரோ கார்பன்களைக் கொண்டுவந்தனர். அவை ஓசோன் படலத்தைத் தின்பது பின்னர் தெரியவந்து, 1987-இல் மாண்ட்ரீல் உடன்பாடு ஏற்பட்டது. இப்போதைய வாயுக்கள் வேறு. ஆனால் அவற்றின் கசிவையும் மூக்கு காட்டிக்கொடுப்பதில்லை. 'கேஸ் குறைந்துவிட்டது' என்ற சொல்லை நாம் எளிதில் நம்பிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வாகனத்திற்குப் பெட்ரோல் போல இந்த வாயு தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாயில் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டையைத் தேடாமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதுதான்.

ஒரே இயந்திரம் பல அறைகளைக் குளிர்விப்பது முன்பெல்லாம் பெரிய கட்டடங்களுக்கே உரியது. குளிர்காற்றையோ குளிர்நீரையோ பருத்த குழாய்களில் அனுப்புவார்கள். 1980-81-இல் ஜப்பானின் தோஷிபா, கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ஏ.சி.யைக் கொண்டுவந்தது. 1982-இல் டைகின் ஒரே வெளிப்பெட்டியிலிருந்து பல உள்பெட்டிகளுக்கு வாயுவையே பகிர்ந்தளிக்கும் முறையைக் கொண்டுவந்தது. இன்றைய வீட்டு மாதிரியில் ஒவ்வோர் அறைக்கும் இரண்டு செப்புக் குழாய்களும் ஒரு மின்கம்பித் தொகுதியும் போகும். 'எனக்குக் குளிர் வேண்டும்' என்று அறை கம்பி வழியே கேட்கும். வெளிப்பெட்டி அந்த அறைக்குரிய வால்வைத் திறக்கும்.

இப்போது ஆனையூருக்குத் திரும்புவோம். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். மாமியார் அறைப் பெட்டியை மட்டும் ஓடவிட்டு, பத்து நிமிடம் கழித்துக் கூடத்துக்குப் போய் நின்றோம். நிறுத்தியிருந்த பெட்டியின் மூடியைத் திறந்து காயிலருகே கை வைத்தால், சில்லென்றிருந்தது! "இது எப்படி தம்பி?" என்றார் அக்கா. வீட்டுக்கு வண்ணமடித்தபோது வெளிப்பெட்டியைக் கழற்றி மறுபடி மாட்டியிருக்கிறார்கள். அப்போது கூடத்துக் கம்பியும் மாமியார் அறைக் கம்பியும் இடம் மாறிவிட்டன. ஓர் அறை கேட்க, மற்றோர் அறைக்கு வால்வு திறந்தது. இரண்டும் ஓடும் பகலில் இரண்டு வால்வுகளும் திறந்திருந்ததால் தவறு தெரியவில்லை. இரவில் காற்று ஓடாத கூடத்துக் காயிலில் உறைபனி கட்டி, உருகி, தரையில் சொட்டியது. வேறு மெக்கானிக் வந்து கம்பிகளை மாற்ற அரைமணிகூட ஆகவில்லை. அளவுக்கு மீறி நிரப்பியிருந்த வாயுவை எடுத்துவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன எடைக்கு நிறுத்து நிரப்பத்தான் நேரமாயிற்று.

உங்கள் வீட்டில் கம்பி மாறியிருக்காது. பெரும்பாலும் வடிகட்டியில் தூசிதான் அடைத்திருக்கும். முதலில் அதைக் கழுவுங்கள். பிறகு மாடிக்குப் போய்ப் பாருங்கள். வெயில் படாதிருக்க வெளிப்பெட்டியைச் சுற்றித் தகரம் அடைத்திருந்தால், அது கக்கும் சூடான காற்று திரும்ப அதற்குள்ளேயே போகும். நிழல் வேண்டும், ஆனால் காற்றுப் போக வழியும் வேண்டும். மூன்று அறைப் பெட்டிகளின் டன்னையும் கூட்டி, வெளிப்பெட்டியின் டன்னோடு ஒப்பிடுங்கள். பல வீடுகளில் வெளிப்பெட்டியினுடையது குறைவாகவே இருக்கும். எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் முழுக்குளிர் கேட்டால், இருப்பதைத்தான் அது பங்கிடும்.

மாமியார் அறைக்கு நேர் மேலே மொட்டைமாடி. மாலை ஆறு மணிக்கும் அந்தத் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. டியூடர் வந்து பார்த்திருந்தால் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் கூரையைத்தான் கவனித்திருப்பார். வெள்ளைச் சுண்ணாம்பாவது அடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஆள் கிடைக்கவில்லை என்று அக்கா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.