வாய் சொன்னதும் கால் சொன்னதும்

கொடிகாமச் சந்தியில் விடிய ஐந்தரைக்கு நிண்டு பார்த்தால் இரண்டு வகையான பைகளைக் காணலாம். ஒன்று சந்தைக்கு வரும் தேங்காய், மாங்காய் சாக்குகள். மற்றது மடியில் வைத்துப் பத்திரமாகப் பிடித்திருக்கிற சொப்பிங் பை. அதுக்குள்ளே ஒரு கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், மடிச்சு மடிச்சு ஓரம் கிழிஞ்ச ஒரு ஈ.சி.ஜி. இந்தப் பைக்காரர்கள் யாழ்ப்பாணம் பஸ்ஸுக்கு நிற்பவர்கள். இறங்குமிடம் பெரியாஸ்பத்திரி, அதாவது யாழ். போதனா வைத்தியசாலை. ஒரு பக்கத்துக்கே கிட்டத்தட்ட 25 கிலோமீற்றர்.

என்ர அம்மம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. சீனி, பிறஷர் இரண்டும் இருக்கு. இத்தனைக்கும் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு சின்ன அரச ஆஸ்பத்திரி இருக்கு. காய்ச்சல், இருமல் எண்டால் அங்கேதான் போவா. ஒருநாள் கேட்டேன்.

"அங்கை எப்பிடி அம்மம்மா, நல்லாப் பாக்கினமோ?"

"நல்லம் பிள்ளை. அதுகளும் பாவங்கள், எத்தினை பேரைத்தான் பாக்கிறது?"

"பிறகேன் யாழ்ப்பாணம் போறியள்?"

கொஞ்சம் யோசிச்சிட்டுச் சொன்னா: "இங்கை மருந்து தருவினம். அங்கை வருத்தம் என்னெண்டு சொல்லுவினம்."

ஒரே ஆள், இரண்டு பதில். வாய் "நல்லம்" எண்டு சொல்லுது. கால் விடிய எழும்பி பஸ் ஏறுது. ஆரம்ப சுகாதார சேவையின் தரத்தை நோயாளியின் பக்கம் நின்று அளக்கப் போகிறவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இந்த இடைவெளியைத்தான். அது எங்கேயிருந்து வந்தது எண்டு தேடினால், நாங்கள் வைத்தியத்தோடு வாழ்ந்த வரலாறு முழுக்க வெளியே வருது.

1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாயில் இருந்து வேலை செய்தார். அவரைப் பற்றிக் கதைக்கும்போது ஆஸ்பத்திரியையும் மொழிபெயர்ப்பு நூல்களையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவோம். ஆனால் அவர் எடுத்த முக்கியமான முடிவு, மேற்கத்தைய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பிப்பது. ஆங்கிலத்தில் படிச்ச மாணவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுவார்கள், தமிழில் படிச்சவர்கள் ஊரோடு இருந்து வைத்தியம் பார்ப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. அதனால் உடற்கூறு, பிரசவம், சத்திரசிகிச்சை நூல்கள் தமிழில் வந்தன. இதை மொழிச் சேவையாக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். நோயாளிக்கு விளங்குகிற மொழியில் சிந்திக்கிற வைத்தியர், நோயாளிக்குக் கிட்ட இருக்கிற வைத்தியர்: இந்த இரண்டும்தான் அதன் பயன். அம்மம்மா 25 கிலோமீற்றர் போய்த் தேடுவதும் இதில் முதலாவதைத்தான்.

அடுத்த படி 1926. களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. இன்று நாங்கள் எம்.ஓ.எச். கந்தோர் எண்டு சொல்லுகிற அமைப்பின் ஆரம்பம் அதுதான். நோயாளி வரும்வரை காத்திருக்காமல், வைத்தியம் வீடு தேடிப் போகவேண்டும் என்பது அதன் அடிப்படை. அதன் முகம் குடும்பநல உத்தியோகத்தர். எங்கட சனத்தின் வாயில் "மிட்வைவ்". 1940 களின் நடுப்பகுதி வரைக்கும் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை முப்பது, நாற்பதுக்குள் நிற்குது. மலேரியாவைக் கட்டுப்படுத்தியது, கல்வி, ஆஸ்பத்திரிப் பிரசவம் எல்லாத்துக்கும் இதில் பங்கு இருக்கு. ஆனாலும் படலையைத் திறந்துகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்ட அந்த மிட்வைவ் இல்லாமல் இந்தக் கதை இல்லை. கர்ப்பிணித் தாய்க்கு ஒரு அட்டை, பிறந்த பிள்ளைக்கு ஒரு அட்டை, இரண்டு பேரையும் தெரிஞ்ச ஒரு ஆள். நோயாளியை ஞாபகம் வைத்திருக்கிற சேவை அது.

மூன்றாவது, காசு. 1951 இல் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கினார்கள். வெறும் 25 சதம்தான். ஆனாலும் கிளினிக் வாசலில் சனம் கணிசமாகக் குறைஞ்சுது. 1977 இல் அதைக் கைவிட்டார்கள். குறைஞ்ச சனம் ஒருத்தரும் மனு எழுதவில்லை, ஊர்வலம் போகவில்லை. வராமல் விட்டார்கள், அவ்வளவுதான். கால் சொன்ன பதில் அது.

இலவசம் என்பது எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய கொடை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு: "சும்மா தாறதிலை குறை சொல்லலாமோ?" என்ற கூச்சம். 1930 களில் மூளாயில் கூட்டுறவு முறையில் ஒரு ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்கள். கூட்டுறவு எண்டால் அங்கத்தவர்கள்தான் உரிமையாளர்கள். கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்கலாம். அரச ஆஸ்பத்திரியும் எங்கட வரிப்பணத்தில்தான் நடக்குது. தேங்காய் எண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் அம்மம்மா கட்டின வரியும் அதுக்குள்ளே இருக்கு. ஆனால் உரிமையாளர் என்ற உணர்வு மட்டும் எங்களிடம் வந்து சேரவில்லை.

1978 இல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரம் பற்றிய பிரகடனத்தை வெளியிட்டன. தங்கட சுகாதாரத்தைத் திட்டமிடுவதில் பங்கெடுப்பது மக்களின் உரிமை, கடமையும்கூட எண்டு அதில் இருக்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் தொடங்கியதும் அதே வருடம்தான். இனி நோயாளியின் குரலும் கேட்கப்படும் எண்டு நம்புவதற்கு நல்ல நேரம். ஆனால் பின்னால் வந்தது யுத்தம்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. கொடிகாமத்தின் பள்ளிக்கூடங்கள், கோயில்கள், மாமரத்துக்குக் கீழே எண்டு எல்லா இடமும் சனம். பொருளாதாரத் தடையால் மருந்து ஏற்கெனவே தட்டுப்பாடு. 2000 ஆம் ஆண்டு சண்டையில் தென்மராட்சியே இடம்பெயர்ந்தது, சாவகச்சேரி இடிபாடானது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்டபோது கொடிகாமம் மறுபடியும் போர்முனைக்குப் பக்கத்து ஊர். இந்தக் காலம் முழுக்க சனம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "டொக்டர் இருக்கிறாரோ?" இருந்தால் அதுவே தரம். ஓடாமல் நிண்ட வைத்தியரையும் தாதியையும் குறை சொல்ல ஆருக்கு மனம் வரும்? அம்மம்மாவின் "நல்லத்துக்கு" உள்ளே அந்தக் காலத்து நன்றிக்கடனும் இருக்கு.

ஆனால் வருத்தங்கள் மாறிவிட்டன. மலேரியா இல்லாத நாடு எண்டு 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் தந்தது. இப்போது வரிசையில் நிற்பது சீனி, பிறஷர், மாரடைப்பு, சிறுநீரகம். ஒரு ஊசியோடு முடிகிற வருத்தங்கள் இல்லை இவை. இருபது, முப்பது வருடம் கூட வருபவை. இதுக்குத் தேவை, போன மாதம் என்ன நடந்தது எண்டு தெரிஞ்ச ஒரு ஆள். ஒவ்வொரு முறையும் புது வைத்தியர், புதுத் துண்டு, பேர் எழுதாத மருந்துப் பொட்டலம் எண்டால் நோயாளி குழம்பித்தான் போவார். கர்ப்பிணிக்கு மிட்வைவ் இருந்தது போல, அறுபது வயசு நீரிழிவுக்காரிக்கு ஒரு ஆள் இல்லை. அவவின் ஞாபகம் முழுக்க அந்தச் சொப்பிங் பைக்குள்ளேதான் இருக்கு.

அரசாங்கத்துக்கும் இது தெரியாமல் இல்லை. 2011 முதல் சுகவாழ்வு நிலையங்கள் வந்தன. 2018 இல் வந்த கொள்கை, ஒவ்வொரு ஆரம்ப சிகிச்சை நிலையத்தின் பொறுப்பிலும் குறிப்பிட்ட மக்களை விடுவது, ஆளுக்கொரு சுகாதாரப் பதிவு வைப்பது, சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரியோடு இணைப்பது பற்றிப் பேசுது. அதே வருடம் உலக வங்கி ஆரம்ப சுகாதாரத்தை வலுப்படுத்த 20 கோடி டொலர் கடன் தந்தது. பிறகு கொரோனா, 2022 இன் நெருக்கடி, மருந்துத் தட்டுப்பாடு, வெளிநாடு போன வைத்தியர்கள். கொள்கை நல்லது. நடந்து முடிய வேண்டியது இன்னும் நிறைய இருக்கு.

2024 ஜூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக்கு முன்னால் சனம் திரண்டது எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். அந்தப் பிரச்சினையில் ஆர் சரி, ஆர் பிழை எண்டு தீர்ப்புச் சொல்ல இந்தக் கட்டுரை வரவில்லை. எனக்குப் பட்டது வேறொன்று. எத்தனையோ வருடமாய் "நல்லம்" எண்டு சொல்லிவந்த சனம் திடீரெண்டு தெருவுக்கு வந்தது ஏன்? "நல்லத்துக்கும்" தெருவுக்கும் நடுவில் ஒரு இடம் இல்லை. ஆறுதலாக இருந்து, பயமில்லாமல், "இது எனக்குக் காணாது" எண்டு சொல்லக்கூடிய ஒரு கதிரை இல்லை. பல ஆஸ்பத்திரிகளில் நோயாளர் நலன்புரிச் சங்கங்கள் இருக்கு. பெரும்பாலும் கட்டடத்துக்கும் கட்டிலுக்கும் காசு சேர்க்கத்தான் அவற்றைக் கூப்பிடுகிறார்கள்.

1966 இல் அவெடிஸ் டொனபேடியன் எண்டவர் வைத்தியத் தரத்தை மூன்றாகப் பிரித்தார்: என்ன இருக்கு, என்ன செய்யப்படுது, முடிவில் என்ன நடந்தது. எங்கட அரசியல்வாதிகள் நாடா வெட்டுவது முதலாவதுக்கு. புள்ளிவிபர அறிக்கைகள் சொல்வது மூன்றாவதை. நடுவில் இருக்கிற இரண்டாவதை, கதவுக்கு உள்ளே அந்த இரண்டு நிமிடத்தில் நடப்பதை, முழுசாகக் கண்டவர் நோயாளிதான்.

அதனால், கேள்விக்கொத்தோடு ஊருக்குள் போகப்போகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். "திருப்தியோ?" எண்டு கேட்காதையுங்கோ. "ஓம், நல்லம்" எண்டுதான் வரும். உங்களுக்கு என்ன வருத்தம் எண்டு சொன்னவையோ? குடிக்கிற குளிசையின் பேர் தெரியுமோ? போனமுறை பார்த்த அதே ஆளோ இந்தமுறையும் பார்த்தது? நீங்கள் ஒரு கேள்வி கேட்டனீங்களோ? பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிக் கடைசியாய் எப்ப போனீங்கள், ஏன்? இப்படிக் கேளுங்கோ.

இந்தக் கேள்விகளை முதலில் அம்மம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். தன்ர குளிசைகளில் ஒண்டின் பேரும் அவவுக்குத் தெரியாது. "வெள்ளை, சின்ன வெள்ளை, றோஸ்" எண்டா. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டா: "ஏன் பிள்ளை, நாங்கள் அதையெல்லாம் கேக்கலாமோ?"