களிமண்ணுக்குத் தண்ணி ஊட்டிய ஊர்

லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே கடலோரத்தில் போர்ச்சுகீஸ் பெண்ட் என்று ஒரு பகுதி. அடியில் எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான பெண்டோனைட் களிமண். தண்ணி பட்டால் சோப்பு மாதிரி வழுக்கும். 1956-ல் மேலே சாலை போடும் வேலை நடந்தபோது பழைய நிலச்சரிவு மறுபடி நகர ஆரம்பித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. சாலை போட்ட கவுண்டி நிர்வாகத்தையே நீதிமன்றம் பொறுப்பாக்கியது.

என் கண்ணில் பட்டது சாலையைவிட செப்டிக் டேங்க்தான். பாதாளச் சாக்கடை இல்லாமலே வீடுகள் வந்தன. ஒவ்வொரு வீடும் தினமும் கொஞ்சம் தண்ணியை மண்ணுக்குள் விட்டுக்கொண்டிருந்தது.

1973-ல் ராஞ்சோ பாலோஸ் வெர்டெஸ் தனி நகரமானது. 1978-ல் புது வீடு கட்டத் தடை. பக்கத்தில் காலிமனை வைத்திருந்த சிலர் வழக்குப் போட்டார்கள். ஆபத்து என்று உறுதியாகக் காட்டாமல் கட்டவே விடாதது சொத்தைப் பறிப்பதுதான் என்று 2008-ல் மேல்முறையீட்டில் தீர்ப்பு வந்தது.

2023, 2024 மழைகளுக்குப் பிறகு சரிவு வேகமெடுத்தது. 2024-ல் பல வீடுகளுக்கு கேஸும் கரண்டும் நிறுத்தப்பட்டன.

நிலவியலாளர் "சரியலாம்" என்பார். நீதிமன்றம் "சரியுமா, சரியாதா?" என்று கேட்கும். இரண்டுக்கும் நடுவில்தான் நகராட்சி அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.