இல்லாத ஒரு வம்சமும் பாகூர்ச் செப்பேடும்

கரிக்கலாம்பாக்கத்துக்குப் பக்கத்து ஊரான பாகூரில் கல்வெட்டு என்று கேட்டால் மூலநாதர் கோயிலைக் காட்டுவார்கள். கோயில் சுவரில் சோழர் கல்வெட்டுகள் உண்டு; ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனைக் கன்னரதேவன் என்று குறிக்கும் எழுத்துகளும் உண்டு. ஆனால் பாகூரின் மிக முக்கியமான ஆவணம் ஊரில் இல்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கே கிடைத்த பல்லவச் செப்பேட்டுத் தொகுதி பாரிஸில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போய்விட்டது. நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 877இல், வாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. வாகூர் என்பதே இன்றைய பாகூர்.

பழங்காலக் கல்வி பற்றி எழுதுவோர் இந்தச் செப்பேட்டை அடிக்கடி எடுத்தாள்வார்கள். இக்கட்டுரைக்கு வேண்டியது கொடைச் செய்திக்கு முன்னால் வரும் பகுதி. கொடுத்தவன் யார் மகன், யார் பேரன் என்று சொல்லும் வம்ச வரிசை. அந்த வரிசையில் நின்ற ஒரு பெயரும் அதை அடுத்த ஓர் இடைவெளியும் சேர்ந்து, இல்லாத ஓர் அரச வம்சத்தைச் சில காலம் வரலாற்று நூல்களில் உலவவிட்டன. அந்த முடிச்சு அவிழ்ந்த விதத்தைப் பார்த்தால், தந்தை பெயர்களின் வரிசை உரிமை கோருவதற்காக எழுதப்பட்டது என்பதும், அக்கால அரசியல் பெரும்பாலும் தாய்மார் பெயர்களில்தான் தங்கியிருக்கிறது என்பதும் தெளிவாகும். இடைக்காலப் பிரான்சின் அரச, பிரபு குலங்களை ஆராய்ந்தவர்களும் இதே இடத்தில்தான் வந்து நின்றார்கள். பாகூரை ஆண்ட இரு நாட்டவரின் வம்சாவளிகள் என்ற வகையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பொருத்தமே.

செப்பேட்டின் வடமொழிப் பகுதி திருமாலிலிருந்து தொடங்குகிறது. அவன் உந்திக் கமலத்தில் பிரமன். அவன் வழியில் அங்கிரஸ், பிருகஸ்பதி, சம்யு, பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன். அசுவத்தாமன் மகன் பல்லவன். பிறகு விமலன், கொங்கணிகன் முதலானோர் என்று ஒரே மூச்சில் பல தலைமுறைகளைத் தாண்டிவிடுகிறது. அடுத்து வருபவன் தந்திவர்மன். அவன் மகன் நந்திவர்மன். நந்திவர்மனுக்கும் ராஷ்டிரகூடக் குலத்தில் பிறந்த சங்காவுக்கும் மகன் நிருபதுங்கன். முன்பு பாண்டியனிடம் தோற்ற படை இவன் அருளால் அரிசிலாற்றங்கரையில் பகைவரை வென்ற செய்தி தொடர்கிறது.

திருமால் முதல் அசுவத்தாமன் வரையுள்ள பகுதியைப் பார்த்துச் சிரிப்பது எளிது. பிராங்குகளும் இதையேதான் செய்தார்கள். 7ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பிரெதேகரின் வரலாற்றிலேயே அவர்கள் திராய் நகரிலிருந்து ஓடிவந்த அரச குலத்தவராகிவிட்டார்கள். சாங் தெனி மடத்துத் துறவி பிரிமா 1274இல் அரசனிடம் அளித்த பிரெஞ்சு வரலாறும் திராயிலிருந்துதான் தொடங்கியது. பிராங்குகள் ஜெர்மானியக் குழுக்களின் கூட்டே என்று வாதிட்ட நிக்கோலா பிரேரே என்ற அறிஞர் 1714இல் பாஸ்டீல் சிறையில் அடைக்கப்பட்டார். அந்த ஆய்வுரைதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. நம் பக்கத்தில் அசுவத்தாமனை மறுத்ததற்காக எந்த ஆய்வாளரும் சிறைக்குப் போகவில்லை. அந்த அளவில் பல்லவ ஆய்வு பாதுகாப்பான துறை.

நிருபதுங்கனின் காலத்தவர்களில் ஒருவர் பிரான்சில் வலிமைமிக்க ரொபேர் என்று பெயரெடுத்த படைத்தலைவர். 866இல் பிரிசார்த் என்ற இடத்தில் வைக்கிங்குகளோடு நடந்த சண்டையில் இறந்தார். இவருடைய கொள்ளுப்பேரன் யூக் காப்பே 987இல் அரசனானான். அவன் சந்ததியின் கிளைகள் 19ஆம் நூற்றாண்டு வரை பிரான்சை ஆண்டன. இத்தனை பெரிய குலத்தின் மூலவரான ரொபேரின் தந்தை யார் என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. அதே தலைமுறையில் வாகூர்ச் செப்பேடு எழுதியவர்களோ திருமால் வரை போய்விட்டார்கள். இரண்டையும் வைத்துப் பார்த்தால், வரிசையின் நீளத்துக்கும் உண்மைக்கும் தொடர்பில்லை என்பது விளங்கும்.

அப்படியானால் ஏன் எழுதினார்கள்? வாகூர்ச் செப்பேட்டின் அமைப்பே பாதி விடை சொல்கிறது. வம்சப் புகழ் முழுவதும் வடமொழியில் இருக்கிறது. தமிழ்ப் பகுதி ஆட்சியாண்டைச் சொல்லிவிட்டு நேரே காரியத்துக்கு வந்துவிடுகிறது: நாட்டார்க்கு ஆணை, ஊர்களின் பெயர், எல்லை, கொடையின் நிபந்தனை. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகியவையே அந்த மூன்று ஊர்கள். அளந்து எல்லை காட்ட வேண்டிய நாட்டாருக்கு அசுவத்தாமன் தேவைப்படவில்லை. வரியில்லா நிலத்தைக் கொடுக்கும் அதிகாரம் கொடுப்பவனுக்கு உண்டு என்று நிலைநாட்டவும், பின்வரும் அரசர் அதில் கைவைக்காமல் இருக்கவும்தான் அந்த நீண்ட முகப்பு.

பிரான்சிலும் வம்சாவளி வரியோடு பிணைந்தே வளர்ந்தது. பிரபுக்களுக்குத் ‘தாய்’ (taille) என்னும் வரியிலிருந்து விலக்கு உண்டு. 1666 முதல் அமைச்சர் கொல்பேர் நாடு முழுக்க விசாரணை நடத்தி, பிரபு என்று சொல்லிக்கொள்வோரிடம் ஆதாரம் கேட்டார். 1560 முதலாவது ஆவணம் காட்ட வேண்டும் என்பது பொது அளவு. 1760இல் அரசவை மரியாதைகளுக்கு அளவு இன்னும் இறுகியது: 1400 முதல் தொடர்ச்சி காட்ட வேண்டும். மடங்களின் கொடைப் பதிவேடுகளைத் தேடிப் பழங்குடும்பங்களின் பெயர்களை எடுத்தெழுதும் வேலை இதனால் ஒரு தொழிலாகவே ஆயிற்று. தந்தை ஆன்செல்ம் என்ற துறவி 1674இல் வெளியிட்ட அரச குல வம்சாவளி நூல், 1726 முதல் 1733 வரை வந்த மூன்றாம் பதிப்பில் ஒன்பது பெருந்தொகுதிகளாகப் பெருத்தது. பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் இந்தத் தேவை வேறு வடிவில் இன்றும் தொடர்கிறது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்படி தங்கள் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் அன்றைக்குக் குடும்பப் பெயர் ஒன்றைப் பதிவு செய்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை கோரும் பேரப்பிள்ளைகள் பழைய பிறப்புப் பதிவேடுகளைத் தேடுவது அந்த ஏடுகளுக்காகத்தான்.

இனி அந்த முடிச்சு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் அறிஞர் ஹுல்ட்ஸ் தமிழகக் கல்வெட்டுகளைப் பதிப்பித்தபோது, விஜய நந்திவிக்கிரமவர்மன், விஜய நிருபதுங்கவிக்கிரமவர்மன் என்ற பெயர்கள் அவருக்குப் புதியவையாகத் தோன்றின. காஞ்சியின் பெரிய பல்லவர்களான மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், நந்திவர்மப் பல்லவமல்லன் வரிசையில் இவர்களைப் பொருத்த வழி தெரியவில்லை. பாகூர்ச் செப்பேடு தந்திவர்மனுக்கு முன்னால் பல்லவமல்லனைச் சொல்லவே இல்லை; சொன்னது கொங்கணிகனை. கொங்கணி என்பது மேலைக் கங்கர்களின் முதல்வனுக்குரிய பெயர். ஆகவே இது கங்கத் தொடர்புடைய தனிக்கிளை என்று கருதி, கங்க பல்லவர் என்று ஒரு வம்சத்தை வகுத்தார்கள். வெங்கையா போன்ற பெரிய கல்வெட்டறிஞர்களும் அந்தப் பெயரை ஏற்று எழுதினார்கள். பழைய வரலாற்றுப் புத்தகங்களில் இன்றும் இந்தப் பெயர் தட்டுப்படும்.

விடை வேலூர்ப்பாளையம் செப்பேட்டில் வந்தது. 1910களில் பதிப்பிக்கப்பட்ட இது மூன்றாம் நந்திவர்மனின் 6ஆம் ஆட்சியாண்டுக்குரியது. பாகூர்ச் செப்பேடு தாண்டிப்போன படிகளை அது எடுத்துச் சொன்னது: பல்லவமல்லனான நந்திவர்மனுக்கும் ரேவாவுக்கும் மகன் தந்திவர்மன், தந்திவர்மனுக்கும் கதம்பர் குலத்து அக்களநிம்மதிக்கும் மகன் இந்த நந்திவர்மன். எனவே நிருபதுங்கன் பல்லவமல்லனின் கொள்ளுப்பேரன். புதிய வம்சம் எதுவும் இல்லை. இதை விடாமல் வாதிட்டவர் புதுச்சேரிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ரேய். 1917இல் புதுச்சேரியில் வெளிவந்த அவருடைய பல்லவர் வரலாற்று நூல் இந்தத் தலைமுறைகளை ஒரே கொடியாக அடுக்கியது. கங்க பல்லவர் என்ற பெயர் அதற்குப் பிறகும் சில காலம் தாக்குப்பிடித்தது. ஒருமுறை அட்டவணையில் ஏறிவிட்ட வம்சத்தை இறக்குவது எளிதல்ல.

இங்கே கேட்க வேண்டியது வேறொன்று. பாகூர்ச் செப்பேடு பல்லவமல்லனை ஏன் விட்டது? அது வேண்டுமென்றே மறைத்தது என்று சொல்லத் தேவையில்லை. முகப்புச் செய்யுள்கள் முழு வரிசை தருவதை நோக்கமாகக் கொண்டவையல்ல. ஆனால் பல்லவமல்லன் அரியணை ஏறிய விதம் சிக்கலானது என்பதை மறக்கக்கூடாது. காரைக்கால் அருகே காசாக்குடியில் கிடைத்த செப்பேடு, அவனுடைய 22ஆம் ஆட்சியாண்டுக்குரியது, இதை விரிவாகச் சொல்கிறது. சிம்மவிஷ்ணுவின் நேர்வழி இரண்டாம் பரமேசுவரவர்மனோடு முடிந்தது. குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட பல்லவமல்லன், சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் வழிவந்தவன்: பீமவர்மன், புத்தவர்மன், ஆதித்தவர்மன், கோவிந்தவர்மன், இரணியவர்மன், பிறகு நந்திவர்மன். பன்னிரண்டு வயதில் அவன் அழைத்துவரப்பட்ட காட்சி காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் சிற்ப வரிசையில் இருக்கிறது. காசாக்குடிச் செப்பேட்டில் உள்ள அந்த ஆறு பெயர்களை எழுதியே ஆக வேண்டிய கட்டாயம் அவனுக்கு இருந்தது. கொள்ளுப்பேரன் காலத்தில் அது இல்லை.

பிரான்சில் இதற்கு நேர் இணை நான்காம் ஆன்றி. 1589இல் வலுவா கிளை வாரிசின்றி முடிந்தபோது, அவர் தம் உரிமையை 1270இல் இறந்த ஒன்பதாம் லூயியின் கடைசி மகன் ரொபேர் தெ கிளெர்மோன் வழியாகக் காட்டினார். இடையில் பத்துத் தலைமுறை. ஆண்வழி ஒரு கண்ணிகூட அறுபடக் கூடாது என்பதால் அந்தப் பட்டியல் பழுதில்லாமல் இருக்க வேண்டியதாயிற்று. உரிமை எங்கே ஐயத்துக்கு உள்ளாகிறதோ அங்கேதான் வம்சாவளி நுணுக்கமாகிறது. உறுதியானபின் கொங்கணிகன் முதலானோர் என்று சுருங்கிவிடுகிறது.

தாய்மார் பெயர்களுக்கு வருவோம். அரச வரிசையில் அரசியின் பெயர் சொல்வது கட்டாயமல்ல. எனவே சொல்லும்போது ஒரு காரணம் இருக்கும். ரேவா, அக்களநிம்மதி, சங்கா என்று மூன்று தலைமுறையிலும் அரசியர் பெயர் கிடைக்கிறது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தை வைத்து ஆய்வாளர்கள் இங்கே ஒரு நல்ல ஊகத்தைக் கட்டியிருக்கிறார்கள். ராஷ்டிரகூட அமோகவர்ஷனின் பட்டப்பெயர் நிருபதுங்கன். சங்கா அவன் மகளாக இருந்தால் காஞ்சியில் பிறந்த பேரனுக்கு அந்தப் பெயர் வந்தது இயல்பு. ரேவா ராஷ்டிரகூடத் தந்திதுர்க்கனின் மகளாக இருந்தால் தந்திவர்மன் என்ற பெயருக்கும் அதே விளக்கம் பொருந்தும். நூறாண்டுக்குள் இரண்டு முறை தாய்வழிப் பாட்டன் பெயர் பல்லவ அரியணையில் அமர்ந்திருக்கிறது என்றால், அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ராஷ்டிரகூடரின் நிழல் காஞ்சிமேல் விழுந்திருந்ததை இந்தப் பெயர்கள் காட்டுகின்றன. தந்தை வரிசையில் அது தெரியாது.

குடும்பப் பெயர் இல்லாத காலத்துப் பிரெஞ்சுப் பிரபுக்களைத் தேடுவோரும் இந்த முறையைத்தான் கையாள்கிறார்கள். ரொபேர், ஓதோ, யூக் என்று ஒரே பெயர்கள் ஒரு குடும்பத்தில் சுற்றிவருவதைப் பின்தொடர்ந்து உறவை ஊகிக்கிறார்கள். புதிய பெயர் ஒன்று நுழைந்தால் எந்தத் தாய் கொண்டுவந்தாள் என்று பார்க்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் கோட்டைப் பெயர் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்ட பிறகுதான் தந்தைவழி தெளிவாகிறது. காப்பே அரசர்களே தாய்வழியை நாடியதுண்டு. ஷார்லமாஞ் குலத்தாரைத் தள்ளிவிட்டு அரியணை ஏறியவர்கள் என்ற குறை அவர்களை உறுத்திக்கொண்டிருந்தது. ஏனோ நாட்டைச் சேர்ந்த இசபெல் ஷார்லமாஞ் வழியில் வந்தவள். அவள் மகன் எட்டாம் லூயி 1223இல் அரசனானபோது, ஷார்லமாஞ் குலத்துக்கே ஆட்சி திரும்பிவிட்டது என்று எழுதிக்கொள்ள முடிந்தது.

வாகூர்ச் செப்பேட்டில் அரசனுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் வம்சம் உண்டு. கொடையை விண்ணப்பித்த நிலைதாங்கி குரு குலத்தவன் என்று சொல்லிக்கொள்கிறான். அரசன் பாரதத்து துரோணர் வழி என்றால், தலைவனும் அதே பாரதத்தில் தனக்கு ஓர் இடம் பிடித்துக்கொள்கிறான். ஏட்டை வெட்டிய தட்டானோ பல்லவ குலத்துக்குப் பரம்பரையாகப் பணி செய்த உதிதோதயன் வழிவந்தவன். உதிதோதயன் என்பதும் அரச விருதுப் பெயரே. அவன் வழிவந்த இவன் பெயர் நிருபதுங்கன். மூன்றில் நான் முழுதாக நம்பக்கூடியது தட்டானின் வம்சாவளியே. அதை நீட்டிப் பொய் சொல்வதால் அவனுக்கு ஒரு காணி நிலமும் கிடைக்கப்போவதில்லை.

கங்கர் கதைக்கு ஒரு பின்னிணைப்பு இருக்கிறது. நிருபதுங்கனுக்குப் போட்டியாக ஆண்ட அபராஜிதன் யார் மகன் என்பது நெடுநாள் தீராத வழக்கு. 1977இல் திருத்தணி அருகே வேளஞ்சேரியில் கிடைத்து, இரா. நாகசாமி பதிப்பித்த அபராஜிதனின் செப்பேடு அதைத் தீர்த்தது. அவன் மூன்றாம் நந்திவர்மனின் பேரன், தந்தை கம்பவர்மன், தாய் விஜயா, கங்கர் குலத்தவள். கங்கத் தொடர்பைத் தந்தைவழியில் தேடி ஒரு வம்சத்தையே உண்டாக்கியவர்கள் தேடிய பொருள் உண்மையில் அந்தக் குடும்பத்தில் இருந்தது. அது மருமகளாக வந்திருந்தது. திருப்புறம்பியப் போரில் கங்க அரசன் முதலாம் பிருதிவீபதி அபராஜிதனுக்கு வெற்றி தேடித் தந்துவிட்டு உயிர்விட்டதாக உதயேந்திரம் செப்பேடு சொல்கிறது. முன்பு கூட்டணி என்று மட்டுமே படிக்கப்பட்ட அந்தச் செய்தியை, வேளஞ்சேரி ஏட்டுக்குப் பிறகு தாய்வீட்டார் செய்த உதவி என்றும் படிக்க வேண்டியிருக்கிறது.