இணைத் தலைமையும் நியமனப் பத்திரமும்: அஷ்ரபுக்குப் பிந்திய முஸ்லிம் காங்கிரஸ் பற்றிய ஒரு மறுவாசிப்பு

2000 செப்டம்பர் 16ஆம் திகதி எம்.எச்.எம். அஷ்ரப் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார். அதன்பின் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் (மு.கா.) உயர்பீடம் ரவூப் ஹக்கீமையும் பேரியல் அஷ்ரபையும் இணைத் தலைவர்களாக அமர்த்தியது. இந்த ஏற்பாட்டை ஆய்வுலகம் பெரும்பாலும் ஒரு சமரசமாகவே விளக்கி வந்துள்ளது. சட்டம் படித்த செயலாளர் நாயகம் ஒரு பக்கம், மறைந்த தலைவரின் மனைவி மறு பக்கம். கண்டி ஒரு பக்கம், கல்முனை மறு பக்கம். இரண்டையும் கொஞ்ச காலம் சேர்த்துக் கட்டிய முடிச்சு அது, 2001இல் அவிழ்ந்தது என்பதே அந்த விளக்கத்தின் சாரம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது ஆட்களைப் பார்க்கும் அளவுக்கு ஆசனங்களைப் பார்க்கவில்லை. இரண்டாம் பதவிக்காலத்தைத் தொடங்கிய ஒரு ஜனாதிபதிக்குப் பாராளுமன்றத்தில் தோள் கொடுக்க வேண்டிய குழுவுக்குத் தலைவரைத் தேடும்போது, அக்குழுவின் ஆசனங்கள் சட்டப்படி யாருடையவை என்பதே முதலில் எழ வேண்டிய கேள்வி. அதைக் கேட்டால் இணைத் தலைமையின் பொருள் வேறாகத் தெரிகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2000 ஒக்டோபர் 10 பொதுத் தேர்தலின் இறுதி ஆசனப் பட்டியலைத் துறையினர் பல தடவை பார்த்திருப்பார்கள். பொதுஜன ஐக்கிய முன்னணி 107, ஐக்கிய தேசியக் கட்சி 89, மக்கள் விடுதலை முன்னணி 10, தமிழர் விடுதலைக் கூட்டணி 5, தேசிய ஐக்கிய முன்னணி (நுஆ) 4, ஈ.பி.டி.பி. 4, டெலோ 3. தமிழ்க் காங்கிரஸுக்கும் சிஹல உறுமயவுக்கும் சுயேச்சைக் குழுவொன்றுக்கும் தலா ஒன்று. கூட்டினால் 225. இந்தப் பட்டியலில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் இல்லை. மு.கா.வினர் சில மாவட்டங்களில் பொதுஜன ஐக்கிய முன்னணியின் பட்டியலிலும், வேறு சிலவற்றில் அஷ்ரப் உருவாக்கிய நுஆவின் பட்டியலிலும் நின்று வென்றதே இதற்குக் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் விளைவை யாரும் எடைபோட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. தலைவரைத் தெரிவு செய்ய உயர்பீடம் கூடிய அந்தக் கட்சிக்குச் சட்டத்தின் பார்வையில் பாராளுமன்றத்தில் ஓர் ஆசனமும் இருக்கவில்லை. ஆசனங்கள் வேறு இரண்டு கட்சிகளின் பேரில் இருந்தன. அவற்றுள் ஒன்றை வழிநடத்தியவர் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவே.

ஆசனம் யாருடையது என்பது வெறும் கணக்குப் பதிவு என்று கருதுவோருக்கு அரசியலமைப்பின் 99ஆம் உறுப்புரையின் 13ஆம் பந்தியை நிறுத்தி வாசிக்கப் பரிந்துரைப்பேன். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் எந்த அங்கீகரிக்கப்பட்ட அரசியற் கட்சியின் நியமனப் பத்திரத்தில் தம் பெயர் இடம்பெற்று உறுப்பினரானாரோ, அந்தக் கட்சியில் அவர் உறுப்பினராக இல்லாமற் போனால், அவ்வாறு இல்லாமற் போன நாளிலிருந்து ஒரு மாதம் கழிய அவரது ஆசனம் வெற்றிடமாகும். விலக்கப்பட்டவர் அந்த மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். விலக்கல் செல்லாதென நீதிமன்றம் தீர்த்தால் ஆசனம் தங்கும். இந்தப் பந்தியைப் பொதுவாகக் கட்சி தாவலைத் தடுக்கும் ஏற்பாடாக மட்டுமே வாசிக்கிறோம். என் வாசிப்பு சற்று வேறு. இப்பந்தி உறுப்பினரைத் தாம் நேசிக்கும் கட்சியோடும் கட்டவில்லை, தமக்கு வாக்களித்த ஊரோடும் கட்டவில்லை. வேட்புமனுத் தாக்கல் செய்த நாளில் எந்தத் தாளில் அவர் பெயர் எழுதப்பட்டதோ அந்தத் தாளுக்குரிய கட்சியோடு மட்டுமே கட்டுகிறது. பொதுஜன ஐக்கிய முன்னணிப் பட்டியலில் வென்ற மு.கா. உறுப்பினர் ஒருவரை மு.கா. தன் கட்சியிலிருந்து விலக்கலாம். அவரது ஆசனத்தைத் தொட முடியாது. அவர் மீது கைவைக்கக்கூடிய ஒரே கட்சி ஜனாதிபதியின் கட்சி. நுஆ பட்டியலில் வென்றவர் விடயத்தில் அந்த அதிகாரம் நுஆவிடம் இருந்தது.

இந்த வாசிப்பை ஏற்றால் இணைத் தலைமை இரண்டு ஆளுமைகளுக்கு இடையிலான இழுபறியாக மட்டும் தோன்றாது. 107உடன் நுஆவின் 4ஐயும் ஈ.பி.டி.பி.யின் 4ஐயும் கூட்டினால் 115. பெரும்பான்மைக்கு வேண்டியது 113. அந்த 107க்குள்ளேயே மு.கா.வின் ஆட்கள் இருந்தார்கள். ஆக, ஜனாதிபதியின் அரசாங்கம் நிலைப்பது இரண்டு வகை முஸ்லிம் ஆசனங்களைப் பொறுத்திருந்தது. அந்த இரண்டு வகையும் இரண்டு வெவ்வேறு சட்ட ஆட்களுக்குச் சொந்தமாக இருந்தன. அஷ்ரப் உயிரோடு இருந்தவரை இந்தப் பிளவு வெளியே தெரியவில்லை. மு.கா.வின் தலைவர் அவர், நுஆவின் தலைவர் அவர், பொதுஜன ஐக்கிய முன்னணியோடு பட்டியல் பேசியவரும் அவர். மூன்று கதவுகளுக்கும் ஒரே கை திறப்பு வைத்திருந்தது. அந்தக் கை போனபோது, வேட்புமனுக் காலம் ஏற்கெனவே முடிந்திருந்ததால், யார் தலைவரானாலும் அந்தப் பட்டியல்களை மீண்டும் எழுத முடியாது. உயர்பீடத்தின் முன் இருந்த தெரிவு யாரைத் தலைவராக்குவது என்பதைவிட, இரு பட்டியல்களையும் எப்படி ஒன்றாகப் பிடித்து வைப்பது என்பதாகவே இருந்திருக்க வேண்டும். உயர்பீட உறுப்பினர்கள் ஒவ்வொருவரின் மனதிலும் இது தெளிவாக இருந்தது என்று நான் கூறவில்லை. ஆனால் அவர்கள் எடுத்த முடிவின் வடிவம் இந்த நிலைமையின் வடிவத்தோடு பொருந்துகிறது. பிரிவு வந்தபோதும் மு.கா. ஹக்கீமிடமும் நுஆ பேரியலிடமும் நின்றது தற்செயலாக இருக்க முடியாது.

1994ஐ இதோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் துலங்கும். அந்த ஆண்டு ஓகஸ்ட் தேர்தலில் பொதுஜன ஐக்கிய முன்னணி பெற்றது 105 ஆசனங்கள், மு.கா. தன் சொந்த மரச் சின்னத்தில் 7 ஆசனங்களை வென்றிருந்தது. சந்திரிகா பிரதமராகி, நவம்பரில் ஜனாதிபதியானபோது, அஷ்ரப் கொடுத்த ஆதரவு அவருக்கே உரிய ஆதரவு. அதைக் கொடுக்கவும் மீளப் பெறவும் அவரால் முடியும். அந்தச் சொந்தப் பத்திரத்தின் மதிப்பை அஷ்ரபைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. 1988 டிசம்பரில் வெட்டுப்புள்ளி எட்டில் ஒன்றிலிருந்து இருபதில் ஒன்றாகக் குறைக்கப்பட்டதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், பிரேமதாசவுடன் அவர் செய்துகொண்ட இணக்கத்தின் பலனாக அதைச் சொல்கிறார்கள். பதினைந்தாவது திருத்தம் சான்றுரைக்கப்பட்டது டிசம்பர் 17இல். ஜனாதிபதித் தேர்தல் 19இல். இந்த அண்மையைப் புறக்கணிப்பது கடினம். ஆனால் அதே திருத்தம், பதினான்காவது திருத்தத்தால் வகுக்கப்பட்டிருந்த வலய ஏற்பாட்டையும் நீக்கியது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வலயம் இருந்திருந்தால் மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையான கரையோரத்துக்கு மாவட்டத்துக்குள்ளேயே ஒரு தனி அலகு கிடைத்திருக்கக்கூடும். உறுப்பினர் ஊருக்குக் கட்டுப்பட்டிருப்பார். வலயம் நீங்கி வெட்டுப்புள்ளி தாழ்ந்தபோது, மாவட்டம் முழுவதற்குமான பட்டியலை எழுதுபவரின் கை ஓங்கியது. சிறு கட்சிக்கு நன்மை தந்த அதே திருத்தம் அக்கட்சியின் தலைமையைப் பட்டியலோடு பிணைத்தும் விட்டது. பின்னர் பெரிய கட்சியின் பட்டியலுக்குள் சென்றால் கூடுதல் ஆசனம் கிடைக்கும் என்ற கணக்கு, அந்தப் பிணைப்பை இன்னொரு கட்சியின் கையில் ஒப்படைத்தது. 1994க்கும் 2000க்கும் இடையில் மு.கா. இழந்தது இதைத்தான்.

2001 ஜூனில் ஜனாதிபதி ஹக்கீமை அமைச்சரவையிலிருந்து நீக்கினார். அவரோடு ஒரு தொகுதி உறுப்பினர்கள் எதிர்க்கட்சி வரிசைக்குச் சென்றனர்; பேரியலும் வேறு சிலரும் அரசாங்கத்துடன் நின்றனர். அரசாங்கம் பெரும்பான்மையை இழந்தது. ஜூலையில் பாராளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது, ஒக்டோபரில் கலைக்கப்பட்டது, டிசம்பர் 5இல் தேர்தல். இங்கு கவனிக்க வேண்டியது, ஜனாதிபதி மு.கா.வோடு ஒரு கட்சியாகப் பேச வேண்டிய தேவை குறைவாக இருந்தது என்பதை. அமைச்சர்களை நியமிக்கும் அதிகாரம் அவரிடம். பெரும்பாலான முஸ்லிம் ஆசனங்களின் பத்திரமும் அவரது கட்சியிடம். தனித்தனி உறுப்பினரோடு நேரடியாகக் கணக்குத் தீர்க்கும் வசதி நிறைவேற்று ஜனாதிபதி முறையில் எப்போதும் உண்டு; பட்டியலும் கையில் இருந்தால் அந்த வசதி இரட்டிப்பாகிறது. ஹக்கீமோடு சென்றவர்களைத் தடுக்க அந்தப் பத்திரம் போதவில்லையே என்று கேட்கலாம். போதவில்லை, உண்மை. ஆனால் பேரியல் தரப்பை ஹக்கீமால் தண்டிக்க முடியாமற் போனதும் அதே பத்திரத்தால்தான். பத்திரம் ஒருவருக்கு வெற்றியைத் தராது. மற்றவரின் ஆயுதத்தைப் பறிக்கும்.

பிரதேச விளக்கத்தை முன்வைப்போர் உடனே அக்கரைப்பற்றைச் சுட்டுவார்கள். அதாவுல்லாவின் தேசிய காங்கிரஸ் கிழக்கின் தலைமை கிழக்கில்தான் இருக்க வேண்டும் என்ற உணர்விலிருந்து பிறந்ததல்லவா, 2005இல் மஹிந்த ராஜபக்சவை அது ஆதரித்ததல்லவா என்று. அந்த உணர்வு உண்மையானது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை எங்கும் அதைக் கேட்கலாம். ஆனால் உணர்வு இருப்பது வேறு, அது தலைமையைத் தீர்மானிப்பது வேறு. 2004 பொதுத் தேர்தலில் ஹக்கீம் திகாமடுல்ல மாவட்டத்திலேயே மரச் சின்னத்தில் போட்டியிட்டு வென்றார். வெளியூர்த் தலைமை என்பதே பிரச்சினையின் வேர் என்றால் அந்த மாவட்டத்து வாக்காளர் அவரைத் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது. அதே தேர்தலில் பேரியல் ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணியின் பட்டியலில் வென்று வீடமைப்பு அமைச்சரானார். ஒரே கரையோரம், இரண்டு பட்டியல்கள், இரண்டு தலைமைகள். அனுதாப அலை என்ற விளக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அனுதாபத்தால் ஓர் ஆசனத்தை விளக்கலாம், ஒரு கட்சியின் பிளவை விளக்க முடியாது.

இதைவிடக் கனமான மறுப்பு நீதிமன்றத்திலிருந்து வருகிறது. பத்திரம் இவ்வளவு வலிமையானதென்றால், 2004இன் பின் அமீர் அலி உள்ளிட்ட மு.கா. உறுப்பினர்கள் அரசாங்கத்துடன் இணைந்து விலக்கப்பட்டபோது அவர்களின் ஆசனம் ஏன் போகவில்லை? உயர் நீதிமன்றம் அந்த விலக்கலைச் செல்லாதெனத் தீர்த்தது. பொதுவாகவே, 1991 இறுதியில் பிரேமதாசவுக்கு எதிரான குற்றப் பிரேரணைக்குப் பின் லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க முதலியோரின் விலக்கல் உறுதிசெய்யப்பட்டதை விட்டால், பின்வந்த ஆண்டுகளில் நீதிமன்றம் விலக்கப்பட்டவர் பக்கமே அதிகம் சாய்ந்தது. இந்த மறுப்பை ஏற்று என் கூற்றைத் திருத்திக்கொள்கிறேன்: பத்திரம் தலைவருக்குத் தருவது ஆசனத்தை அல்ல, ஆசனத்தைக் கேட்டு வழக்காடும் தகுதியை. ஆனால் அந்தத் தகுதி இல்லாத தலைவருக்கு வழக்கே இல்லை. ஜனாதிபதியை ஆதரிப்பதா விலகுவதா என்று பேரம் பேச அமரும்போது, வழக்குப் போடக்கூடியவருக்கும் போடவே முடியாதவருக்கும் இடையிலான தூரம் பெரியது.

இந்தத் தூரத்தை அளக்க 2020 ஒரு வாய்ப்பைத் தந்தது. அந்த ஆண்டு ஒக்டோபர் 22இல் இருபதாவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது; எதிராக 65. புதிதாகப் பதவியேற்ற கோட்டாபய ராஜபக்சவின் அதிகாரத்தை விரிவாக்கிய அந்தத் திருத்தத்துக்குத் தலைவர் ஹக்கீம் எதிராக வாக்களித்தார், கல்முனையின் எச்.எம்.எம். ஹரீஸ், நிந்தவூரின் பைசல் காசிம், திருகோணமலையின் எம்.எஸ். தௌபீக், மட்டக்களப்பின் நஸீர் அஹமட் ஆகிய நால்வரும் ஆதரவாக வாக்களித்தனர். பாராளுமன்றக் குழு ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம். இந்த நால்வரில் ஹரீஸ், பைசல் காசிம், தௌபீக் ஆகியோர் ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசிச் சின்னத்தில் வந்தவர்கள். நஸீர் அஹமட் மட்டும் மட்டக்களப்பில் மரச் சின்னத்தில் வந்தவர். பின்னர் வரவுசெலவுத் திட்ட வாக்கெடுப்பில் கட்சி முடிவை மீறியமைக்காக மு.கா. அவரை விலக்கியது, 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த விலக்கலைச் செல்லுபடியானதென ஏற்றது, அமைச்சராக இருந்த அவர் ஆசனத்தை இழந்தார். மற்ற மூவரின் ஆசனமும் பாராளுமன்றம் 2024 செப்டம்பரில் கலைக்கப்படும்வரை நிலைத்தது. ஆதாரம் சிறியது, நால்வரைப் பற்றியது மட்டுமே. வரவுசெலவுத் திட்ட வாக்கு வேறொரு நிகழ்வு என்பதையும் மறைக்கவில்லை. ஆயினும் நால்வரில் ஆசனம் போனது பத்திரம் கட்சியிடம் இருந்தவருக்கே என்பது, 2000க்கு நான் முன்வைக்கும் வாசிப்பை வேறெந்தச் சான்றையும்விட நேராகத் தாங்குகிறது.

கரையோர ஊர்களில் இன்னும் எழும் கேள்வி, கிழக்குக்குரிய தலைவர் யார் என்பது. அந்தக் கேள்வியை வேட்புமனுத் தாக்கலுக்கு முன் கேட்டால் விடைக்கு வலு இருக்கும். கூட்டணிப் பட்டியலில் பெயர் எழுதி, வென்று, புதிய ஜனாதிபதி அமைச்சுப் பதவியோடு அழைத்த பின் கேட்டால், யாரைத் தலைவராக்கினாலும் உறுப்பினரைத் தடுக்க அவரிடம் எதுவும் இராது. 2023 தீர்ப்பு மரச் சின்னத்தில் வென்றவரைக் கட்டுப்படுத்தும். தொலைபேசியிலோ வேறெந்தச் சின்னத்திலோ வென்ற மு.கா. உறுப்பினரிடம் அது செல்லாது. 2000இல் செல்லாதது போலவே.