தூங்கு, தூக்கு, எட்டயபுரம்

'தூங்கு' என்றால் இன்று நமக்கு ஒரே பொருள்தான்: படுத்து உறங்குவது. சங்கப் புலவர் ஒருவரிடம் போய் "நேத்து எட்டு மணி நேரம் தூங்கினேன்" என்று சொல்லியிருந்தால், "எதுல தொங்குன?" என்று கேட்டிருப்பார். அவர்களுக்குத் தூங்குதல் என்பது தொங்குதல், ஊசலாடுதல், யானை நின்ற இடத்தில் அசைதல், நிதானமாக இருத்தல். உறக்கத்துக்குத் 'துயில்' இருந்தது. நற்றிணை 87ஆம் பாடலில் இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ஊர் மாமரத்தின் கிளையில் ஒரு வவ்வால். அது தூங்கியபடி துயில்கிறது. இரண்டுக்கும் ஒரே பொருள் என்றால் அங்கே ஒரு சொல் வீண்.

கணினி வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும். ஒரு ப்ரோகிராம் 'ஸ்லீப்'பில் இருப்பது வேறு, 'ஹேங்' ஆகி நிற்பது வேறு. முதலாவது நாமே கொடுத்த ஓய்வு. இரண்டாவதுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும். தமிழ் இந்த இரண்டையும் எப்படி ஒன்றாக்கியது?

தலையாட்டம் வழியாகத்தான் என்று நினைக்கிறேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். தலை முன்னால் தொங்கும், திடுக்கென்று நிமிரும், மறுபடி தொங்கும். கன்னடத்தில் 'தூகு' என்றால் ஆட்டு, எடை போடு; அதன் உறவான 'தூக்கடிசு'தான் உட்கார்ந்தபடி கண் அயர்வது. மலையாளத்தில் 'தூங்ஙுக' இன்னும் தொங்குவதுதான். உறங்க அவர்களுக்கு 'உறங்ஙுக' இருக்கிறது. நெல்லைப் பக்கத்துப் பெரியவர்களும் "ஒறங்கியாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

அடங்கு-அடக்கு, இறங்கு-இறக்கு என்பதுபோல தூங்கு-தூக்கு ஒரு ஜோடி. தானாக நடந்தால் 'ங்கு', இன்னொருவர் செய்தால் 'க்கு'. இன்று அந்த ஜோடி பிரிந்துவிட்டது. தொட்டில் குழந்தையைத் தூக்கினால் அது தூங்காது, பெரும்பாலும் முழித்துக்கொண்டு அழும். தூங்கு இடம் மாறிப் போய்விட, தூக்கு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது: தூக்குச்சட்டி, பனையோலையில் கூடு தொங்கவிடும் தூக்கணாங்குருவி. குமரி மாவட்டம் கொல்லங்கோட்டு பத்ரகாளி கோயிலில் பங்குனியில் நடக்கும் 'தூக்க'த்தில் யாரும் உறங்குவதில்லை. நீண்ட மரத்தில் ஆட்கள் தொங்கியபடி, கையில் கைக்குழந்தையோடு மேலே போய் வருகிறார்கள்.

அப்புறம், தூக்கு. வேறு எதுவும் சேர்க்காமல் அந்த ஒரு சொல்லைச் சொன்னாலே வரும் பொருள். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் மேஜர் பானர்மேன் கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டபோது, சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களையும் வரவழைத்திருந்தார். பார்க்க ஆள் இல்லாத தூக்கில் கம்பெனிக்கு என்ன லாபம்? எட்டயபுரம் அந்தப் போரில் கம்பெனியின் பக்கம். 'எட்டப்பன்' ஒரு தனி மனிதரின் பெயர் அல்ல, அந்தப் பாளையக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய பட்டம். இன்று அது பள்ளிக்கூடப் பையன்கள் ஒருவரை ஒருவர் திட்டும் சொல். தூங்கு சுருங்கியதில் யாருக்கும் நஷ்டமில்லை. இந்தப் பெயர் சுருங்கியதில், 1799இல் பிறந்தேயிராத ஆட்களும் சொந்த ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு ஒரு விளக்கமும் சேர்க்க வேண்டியிருக்கிறது. அன்றைய பாளையத்தின் முடிவை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு ஊருக்கு அந்த ஒரு வருஷம் மட்டுமே மிச்சம் என்பது கணக்கில் உதைக்கிறது.

ஏனென்றால் இதே சொல்லின் இன்னொரு பொருளும் அதே ஊரில் இருக்கிறது. செப்பல், அகவல், துள்ளல், தூங்கல் என்று யாப்பில் நான்கு ஓசை படித்திருப்போம். வஞ்சிப்பாவுக்குரிய தூங்கல் ஓசை சோம்பல் அல்ல, அசைந்து அசைந்து போகும் நடை. பதிற்றுப்பத்துப் பாடல்களின் அடிக்குறிப்பில் துறை, வண்ணம் இவற்றோடு 'தூக்கு' என்றும் ஒரு வரி உண்டு. அது ஓசையின் அளவு. குறளின் வினைசெயல்வகை அதிகாரத்திலும் தூங்குவது வேண்டுமென்றே நிதானிப்பதுதான். எல்லா வேலையையும் ஓடி ஓடிச் செய்யாதே என்கிறார், எங்கள் மேனேஜருக்குப் படித்துக் காட்டலாம்.

முத்துசாமி தீட்சிதர் தம்பி பாலுசாமியைத் தேடி எட்டயபுரம் வந்தார். தம்பி அங்கே அரண்மனை வித்வான். வயலினைக் கர்நாடக இசைக்குப் பழக்கியவர்களில் முன்னவர். 1835 தீபாவளியன்று தீட்சிதர் அங்கேயே காலமானார், சமாதியும் அங்கேதான். அவருடைய கீர்த்தனைகள் சமஸ்கிருதம், வஞ்சிப்பாவுக்கும் அவற்றுக்கும் இலக்கண உறவு கிடையாது. ஆனாலும் விளம்ப காலத்தில் அவை நகரும் விதத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டுமென்றால், தூங்கலைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை.

பாலுசாமியின் தத்துப்பிள்ளை சுப்பராம தீட்சிதர் அந்தக் கீர்த்தனைகளைச் சுரப்படுத்தி எழுதினார். எந்தச் சுரம் ஆட வேண்டும், எது வழுக்கி இறங்க வேண்டும் என்று கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள். 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற அந்தப் புத்தகம் 1904இல் தெலுங்கில், எட்டயபுரத்து வித்யா விலாசினி அச்சகத்தில் அச்சானது.