மல்லிகையும் ஒரு தடை உத்தரவும்

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் கதையைப் பள்ளியில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்த முல்லையின் இனத்தைச் சேர்ந்ததுதான் மல்லிகை. தாவரவியலில் இரண்டும் ஆலிவ் குடும்பம். ஆனால் நம் பாட்டிமார் பூ வைக்கவே கூடாது என்று தடை போட்ட கதையை யாரும் நமக்குப் பாடமாக நடத்தவில்லை.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். தங்க, வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது, கிராப் வைக்கக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போடக் கூடாது. பூ வைக்கவும் மஞ்சள் பூசவும் கூடாது. பணியாதவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, சொத்துகள் அழிக்கப்பட்டன, ஆடு மாடுகள் கொள்ளை போயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன், 1946இல் வெளியான தன் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

இதைப் பூவோடும் உடையோடும் முடிந்துபோன அவமானம் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாக வந்தன. ஆதிதிராவிடர்கள் தங்கள் நிலத்தை மிராசுதாரர்களுக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் எடுக்கக் கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை கூலி வேலை. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா.

மல்லிகைச் சாகுபடிக்கு என்ன தேவை என்று இப்போது பாருங்கள். குண்டுமல்லியை விதை போட்டு வளர்ப்பதில்லை. பதியன் போட்டோ குச்சி நட்டோதான் நாற்று எடுக்க வேண்டும். அந்த நாற்றுக்குப் பேர் போன இடம் இதே ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம். ஒருமுறை நட்ட செடி பத்து வருஷத்துக்கு மேல் பூக்கும். அதுவரை நிலம் கைவிட்டுப் போகக் கூடாது, தண்ணீரும் தவறாமல் கிடைக்க வேண்டும். 1931 தடைகள் பறிக்கப் பார்த்தது இந்த இரண்டையும்தான். நிலமும் கிணறும் இல்லாதவர் மல்லிகை விவசாயி ஆக முடியாது. பூ பறிக்கும் கூலியாக மட்டுமே தோட்டத்துக்குள் நுழைய முடியும்.

அந்தக் கூலி வேலையும் லேசானதல்ல. மொட்டு விரிந்துவிட்டால் விலை போய்விடும் என்பதால் விடியும் முன்பே தோட்டத்தில் இறங்க வேண்டும். ஒரு கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மொட்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். இதில் பெரும்பாலோர் பெண்கள். கிலோ கணக்கில் கூலி என்றால் பனிக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். வரத்து குறைவதால் சந்தையில் பூ விலை ஏறும். பறிக்க மொட்டு இல்லாததால் கூலிக்காரப் பெண்ணின் வருமானம் இறங்கும்.

எல்லாச் சாதி ஏழைப் பெண்களும் பூ பறிக்கிறார்கள், சொந்தத் தோட்டம் வைத்திருக்கும் தலித் குடும்பங்களும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை பேரிடம் தோட்டம் இருக்கிறது, எத்தனை பேருக்குக் கூலி மட்டும் மிஞ்சியது என்பதுதான்.

2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மண்ணுக்குக் கிடைத்த அங்கீகாரம், மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் குறியீடு பூவின் பெயரைக் காக்குமே தவிர, பறிக்கிறவரின் கூலியை நிர்ணயிக்காது.

ஆகவே தோழர்களே, கள ஆய்வுக்குப் பூத்தோட்டம் இருக்கும் ஊருக்குப் போனால் மூன்று விஷயம் கேளுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது? கிணறு யாருடையது? கிலோவுக்கு என்ன கூலி? பிறகு அந்த ஊர்ச் சேரியின் மூத்த பெண்களிடம் உட்கார்ந்து, அவர்களின் அம்மாக்கள் பூ வைத்துக்கொண்டு தெருவில் நடக்க முடிந்ததா என்று கேட்டு எழுதி வையுங்கள். ஹட்டன் எழுதியது தடை போட்டவர்களின் பட்டியல். அந்தத் தடையை மீறிப் பூ வைத்த பெண்களின் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும். சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே எழுத வேண்டும்.